ஏவுவதற்கு முன் ஒரு கணக்கு: கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விமர்சனம்

கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் என்பது ராக்கெட் கட்டி ஏவும் கணினி விளையாட்டு. அதன் கற்பனைக் கோளான கெர்பினுக்கு மேல் 100 கிலோமீட்டர் உயரத்தில், ஒரே வட்டப்பாதையில் இரண்டு கலங்கள் சுற்றுகின்றன. ஒன்று மற்றதற்கு 50 கிலோமீட்டர் முன்னால் போகிறது. பின்னால் வருவது அதை எட்டிப் பிடிக்க என்ன செய்ய வேண்டும்? யாரைக் கேட்டாலும் "வேகத்தைக் கூட்டு" என்பார்கள். கூட்டிப் பாருங்கள். போகும் திசையில் வெறும் 10 மீ/வி சேர்த்ததும் பாதையின் எதிர்ப்பக்கம் மேலே எழும்பும், சுற்று பெரிதாகும். 1,958 வினாடியில் முடிந்துகொண்டிருந்த சுற்றுக்கு இப்போது 26 வினாடி அதிகம் பிடிக்கும். ஒரு சுற்று முடிந்து பார்த்தால் இடைவெளி கிட்டத்தட்ட 109 கிலோமீட்டர் ஆகியிருக்கும். பிடிக்க வேண்டுமானால் பிரேக் போட வேண்டும். 8.5 மீ/வி குறைத்தால் கலம் சற்றுத் தாழ்ந்த, குட்டையான பாதையில் போய், அடுத்த சுற்றில் இலக்கின் பக்கத்தில் வந்து நிற்கும். அங்கே அதே 8.5-ஐத் திரும்பக் கூட்டினால் இரண்டும் சேர்ந்து மிதக்கும்.

பாடப்புத்தகத்தில் இது ஒரு சமன்பாடு. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமில் இது கையில் ஏறும் பழக்கம். கற்றலுக்கு உதவும் வீடியோ கேம் என்ற பெயரில் வருகிறவற்றில் பெரும்பாலானவை கேள்வி-பதில் தாளின் மேல் கொஞ்சம் வண்ணம் பூசியவைதான்: சரியான விடையைத் தொட்டால் நட்சத்திரம், தப்பானால் சோக முகம். இந்த விளையாட்டு யாரையும் சரி, தப்பு என்று சொல்வதே இல்லை. ராக்கெட் போகும், அல்லது போகாது. ஏன் போகவில்லை என்று கண்டுபிடிக்கத் தேவையான எல்லா எண்களும் திரையிலேயே இருக்கின்றன. இதற்கு இணையாக சுற்றுப்பாதை இயக்கவியலைக் கற்றுத்தரும் விளையாட்டு வேறு எதுவும் இல்லை என்பதே என் தீர்ப்பு. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: ஏவுவதற்கு முன் என்ன நடக்கும் என்று தாளில் எழுத வேண்டும். எழுதாமல் விளையாடினால் பூஸ்டரை ஒட்டி ஒட்டிப் பார்க்கும் பொழுதுபோக்காகவே நின்றுவிடும்.

மெக்சிகோ நகரத்தில் இருந்த ஸ்குவாட் என்ற விளம்பரத்துறை நிறுவனத்துக்குள் ஃபெலிபே ஃபலாங்கே தொடங்கிய வேலை இது. 2011 ஜூனில் முதல் பதிப்பு பொதுவில் வந்தது. 1.0 என்ற முழுப் பதிப்பு 2015 ஏப்ரல் 27இல். 2017இல் விளையாட்டு வெளியீட்டு நிறுவனமான டேக்-டூ இதை வாங்கியது. கடைசிப் பெரிய பதிப்பான 1.12 வந்தது 2021இல். இங்கே சொல்வதெல்லாம் அந்த 1.12 வரிசையை வைத்து, விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளுக்கானது. கன்சோலிலும் இருக்கிறது. இருந்தாலும் படிப்புக்கு என்றால் கணினிதான். காரணம் பின்னால் வருகிறது.

விளையாட்டின் உலகம் கெர்பின் என்ற கோள். ஆரம் 600 கிலோமீட்டர், தரையில் ஈர்ப்பு 9.81, வளிமண்டலம் 70 கிலோமீட்டரோடு முடிகிறது, ஒரு நாள் 6 மணி நேரம். நம் பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். அதாவது கெர்பின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை, ஆனால் ஈர்ப்பு அதே அளவு. அது எப்படிச் சாத்தியம்? நிறையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 58 கிராம் வருகிறது. உலோகங்களிலேயே அடர்த்தி மிகுந்த ஆஸ்மியம் 22.6 கிராம்தான். இப்படி ஒரு கோள் இருக்கவே முடியாது. இது வேண்டுமென்றே சொன்ன பொய், நல்ல பொய். பூமியில் தாழ்ந்த சுற்றுப்பாதைக்குப் போக, இழப்புகள் உட்பட, சுமார் 9,400 மீ/வி வேண்டும். கெர்பினில் 3,400 போதும். அதனால் பத்துப் பதினைந்து பாகங்களில் ஒரு ராக்கெட் கட்டி, சில நிமிடங்களில் சுற்றுப்பாதை ஏறி, ஒரு வகுப்பு நேரத்துக்குள் மூன்று முறை தோற்றுப் பார்க்க முடிகிறது. இந்த அடர்த்திக் கணக்கை மாணவர்களையே போட வைப்பது நல்லது. கணினி காட்டுவதெல்லாம் உண்மை அல்ல, ஒரு மாதிரி எங்கே வளைந்திருக்கிறது என்று கேட்கலாம் என்ற பழக்கம் அங்கேயே தொடங்கிவிடும்.

கட்டும் கூடத்துக்கு வருவோம். இங்கேதான் இந்த விளையாட்டின் உயிர் இருக்கிறது.

டெரியர் என்ற சின்ன எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். எடை 0.5 டன், வெற்றிடத்தில் உந்துவிசை 60 கிலோநியூட்டன், ஐஎஸ்பி (எரிபொருளை எவ்வளவு சிக்கனமாக எரிக்கிறது என்ற அளவு) 345. அதன் மேல் எஃப்எல்-டி400 டேங்க்: நிரம்பிய எடை 2.25 டன், காலியான எடை 0.25. மேலே கெர்பல் என்ற குட்டி விண்வெளி வீரர் உட்காரும் கூண்டு, பாராசூட், வெப்பக்கவசம், பிரிப்பான் எல்லாம் சேர்த்துச் சுமார் 1.25 டன். மொத்தம் 4 டன். எரிபொருள் தீர்ந்தால் 2 டன். சியல்கோவ்ஸ்கியின் ராக்கெட் சமன்பாடு சொல்வது: டெல்டா-வி, அதாவது கலம் மொத்தமாகச் செய்யக்கூடிய வேகமாற்றம், என்பது ஐஎஸ்பி × 9.81 × இயல் மடக்கை (நிரம்பிய எடை ÷ காலி எடை). விகிதம் சரியாக 2, அதன் இயல் மடக்கை 0.693. பெருக்கினால் சுமார் 2,346 மீ/வி.

இப்போது இதே டேங்க் இன்னொன்றைக் கீழே சேருங்கள். எரிபொருள் இரட்டிப்பு. டெல்டா-வியும் இரட்டிக்குமா? நிரம்பிய எடை 6.25, காலி எடை 2.25, விகிதம் 2.78, மடக்கை 1.02. விடை 3,458. முதல் டேங்க் 2,346 தந்தது, இரண்டாவது டேங்க் தந்தது 1,112 மட்டும். மூன்றாவதைச் சேர்த்தால் இன்னும் குறையும். மடக்கை என்பது எதற்காக என்று கேட்கிற பிள்ளைக்கு இதைவிட நல்ல விடை கிடையாது. கூடவே, ராக்கெட்டை ஏன் அடுக்கடுக்காகப் பிரிக்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும்: காலி டேங்கைச் சுமந்துகொண்டே போவதுதான் இங்கே நஷ்டம்.

சரி, இவ்வளவு சிக்கனமான டெரியரைத் தரையிலேயே பற்றவைத்தால் என்ன? கடல் மட்டத்தில் அதன் உந்துவிசை 15 கிலோநியூட்டனுக்கும் கீழே விழுந்துவிடும், ஐஎஸ்பி 85. 4 டன் கலத்தின் எடை 39 கிலோநியூட்டன். நகரவே நகராது. காற்றழுத்தம் எஞ்சினை எவ்வளவு முடக்கும் என்பதைப் பாகங்கள் பட்டியலில் எஞ்சினின் மேல் வலது சொடுக்குப் போட்டாலே இரண்டு எண்களாகக் காட்டுகிறது. புதிதாக வருகிறவர்கள் இந்த இரண்டு எண்ணையும் பார்க்காமல் படத்தைப் பார்த்து எஞ்சினைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் தவறு.

சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரும் எளிய ராக்கெட் ஒன்று சொல்கிறேன். மேல் அடுக்கு மேலே சொன்ன அதே 4 டன், ஒரே டேங்க். அதன் கீழ் ஒரு பிரிப்பான், ஒரு எஃப்எல்-டி800 டேங்க், ஒரு எஃப்எல்-டி400 டேங்க், ஒரு ஸ்விவல் எஞ்சின், அடியில் நான்கு சிறகுகள். மொத்தம் சுமார் 12.4 டன். ஸ்விவல் கடல் மட்டத்தில் 168 கிலோநியூட்டன் தள்ளுகிறது. எடையோடு ஒப்பிட்டால் விகிதம் 1.38. இந்த விகிதம் 1.3-க்கும் 1.7-க்கும் நடுவில் இருப்பது நல்லது. 1.2-க்குக் கீழே போனால் மேடையை விட்டு எழவே எரிபொருள் கரையும். 2-ஐத் தாண்டினால் அடர்ந்த காற்றிலேயே வேகம் எகிறி, காற்றோடு மல்லுக்கட்டுவதில் வீணாகும். இரண்டு அடுக்கும் சேர்ந்து 4,300 மீ/விக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும். சுற்றுப்பாதைக்கு 3,400 போக மீதம் சுமார் 900.

ஏவுவதற்கு முன் வலப்பக்க ஸ்டேஜிங் அடுக்கை, அதாவது எந்தப் பாகம் எப்போது இயங்கும் என்ற வரிசையை, பாருங்கள். பாகங்களை மாட்டும்போது விளையாட்டு தானாகவே வரிசை போடும், அது பல நேரம் தப்பாக இருக்கும். பாராசூட் படமும் எஞ்சின் படமும் ஒரே கட்டத்தில் இருந்தால் ஸ்பேஸ் விசையைத் தட்டியதும் மேடையிலேயே பாராசூட் விரியும். கீழிருந்து மேலாக வரிசை இப்படி வேண்டும்: ஸ்விவல், பிரிப்பானும் டெரியரும், மேல் பிரிப்பான், கடைசியில் பாராசூட்.

டி விசை தட்டி நிலைநிறுத்தியை இயக்குங்கள், இசட் தட்டி முழு விசை, ஸ்பேஸ். 50, 60 மீ/வி வந்ததும் மூக்கைக் கிழக்குப் பக்கம் 5 பாகை சாயுங்கள். அதற்குப் பிறகு நேவ்பால் என்ற திசை காட்டும் உருண்டையில் போகும் திசையைக் காட்டும் மஞ்சள் வட்டத்தை விட்டு மூக்கு விலகாமல் பார்த்துக்கொண்டால் ஈர்ப்பே பாதையை வளைத்துத் தரும். 10 கிலோமீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 45 பாகை சாய்ந்திருந்தால் சரியாகப் போகிறது என்று பொருள். எம் விசை தட்டி வரைபடத்தைப் பாருங்கள். பாதையின் உச்சப்புள்ளி 80 கிலோமீட்டரைத் தொட்டதும் எக்ஸ் தட்டி எஞ்சினை நிறுத்துங்கள். அந்த உச்சப்புள்ளியில் ஒரு மேனுவர் நோட் (அடுத்து எரிக்கப்போவதை முன்கூட்டியே திட்டமிடும் குறி) வைத்து, போகும் திசைக் கைப்பிடியை இழுத்துப் பாதை வட்டமாகும் வரை நீட்டுங்கள். எவ்வளவு நேரம் எரிக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். அந்த நேரத்தில் பாதியை நோட்டுக்கு முன்பே எரிக்க வேண்டும். நோட் வந்த பிறகு தொடங்குகிறவர்களின் வட்டம் கோணலாகும், காரணம் இதுதான்.

பாதி வழியில் ராக்கெட் தலைகீழாகப் புரண்டால் மூன்று இடங்களைப் பாருங்கள். சிறகு மேலே இருக்கிறதா? கீழேதான் இருக்க வேண்டும், அம்பின் இறகு போல. கீழ்க்காற்றில் 10 பாகைக்கு மேல் சட்டென்று சாய்த்தீர்களா? மூக்குப்பகுதி அகலமாகவும் லேசாகவும் இருக்கிறதா? கனம் மேலே, காற்றுத்தடை கீழே: இது பொருந்தினால் புரளாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இணையத்தில் பழைய வழிகாட்டிகள் ஏராளம். "10 கிலோமீட்டர் வரை நேராகப் போ, பிறகு ஒரேயடியாக 45 பாகை சாய்" என்று அவை சொல்லும். 1.0-க்கு முந்தைய பதிப்புகளில் காற்று பாகு மாதிரி இருந்தது, அங்கே அது சரிதான். 1.0-வில் காற்றியக்கத்தை முழுக்க மாற்றினார்கள். இன்று அப்படிச் செய்தால் ராக்கெட் புரளும், அல்லது எரிபொருள் போதாமல் போகும். வீடியோவின் தேதியைப் பாருங்கள். 2015 ஏப்ரலுக்கு முந்தையது என்றால் ஏவும் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள். சுற்றுப்பாதைக்குப் பிறகு வரும் பாடங்கள் மாறவில்லை.

சுற்றுப்பாதை ஏறியதும் வேகமானி 2,279 மீ/வி காட்டும். இந்த இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கலாம். கெர்பினின் சுழற்சி, நடுக்கோட்டில் கிழக்கே கிளம்பியதற்காக 175 மீ/வி இலவசமாகத் தந்தது. ஆக, எஞ்சின் ஈட்டியது 2,104. செலவு செய்ததோ 3,400. மீதி கிட்டத்தட்ட 1,300 எங்கே போனது? 80 கிலோமீட்டர் உயரம் ஏறியதற்கு ஒரு பங்கு, ஏறும் நேரமெல்லாம் ஈர்ப்பைத் தாங்கிப் பிடித்ததற்கு ஒரு பங்கு, காற்றுக்கு ஒரு பங்கு. அதே ராக்கெட்டை மேற்கே ஏவிப் பாருங்கள், 350 மீ/வி கூடுதலாகக் கேட்கும். உண்மையான ஏவுதளங்களுக்குக் கிழக்கே கடல் இருப்பதை விரும்புவது ஏன் என்று யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கெர்பினுக்கு இரண்டு நிலவுகள். மன் 12,000 கிலோமீட்டர் தூரத்தில், ஈர்ப்பு 1.63, நம் நிலவோடு ஏறக்குறைய ஒன்று. மின்மஸ் 47,000 கிலோமீட்டரில், ஆரம் வெறும் 60 கிலோமீட்டர், ஈர்ப்பு 0.49. எல்லோரும் பக்கத்தில் இருக்கிற மன்னுக்கே முதலில் போகிறார்கள். தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து மன்னை எட்ட 860, அதைச் சுற்ற 310, இறங்க 580, திரும்ப ஏற மறுபடி 580, வீடு திரும்ப 310. மின்மஸை எட்ட 930, சுற்ற 160, இறங்க 180. தூரம் நாலு மடங்கு, ஆனால் மொத்தச் செலவு குறைவு, இறங்குவதும் பல மடங்கு எளிது. அங்கே தட்டையான சமவெளிகள் உண்டு, அவற்றின் உயரம் சுழி மீட்டர். விண்வெளியில் "பக்கம்" என்பது கிலோமீட்டரில் இல்லை, வேகமாற்றத்தில் இருக்கிறது என்பதற்கு இந்த இரண்டு நிலவும் போதும். மின்மஸின் பாதை 6 பாகை சாய்ந்திருப்பது மட்டும் தொந்தரவு. முதலில் பாதைத் தளத்தைச் சரிசெய்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

மன்னில் இறங்கும்போது உடைவதற்குப் பெரும்பாலும் உயரமானிதான் காரணம். அது காட்டும் உயரம் கோளின் அடிப்படை மட்டத்திலிருந்து அளந்தது, தரையிலிருந்து அல்ல. மன்னின் மேடுகள் பல கிலோமீட்டர் உயரம். திரையில் 3,000 என்று இருக்கும்போதே கால் தரையில் மோதும். உயரமானியின் பக்கத்திலுள்ள குறியைச் சொடுக்கினால் தரையிலிருந்து உயரம் காட்டும் முறைக்கு மாறும், இதை மறக்கக் கூடாது. நேவ்பாலும் "சர்ஃபேஸ்" முறையில் இருக்க வேண்டும். "ஆர்பிட்" முறையிலேயே விட்டால் நிலவின் சுழற்சி கணக்கில் வராமல், கலம் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இறங்கிச் சாய்ந்துவிடும்.

விளையாட மூன்று முறைகள்: சாண்ட்பாக்ஸ், சயின்ஸ், கேரியர். கேரியரில் பணம், புகழ், ஒப்பந்தம் எல்லாம் உண்டு. பொழுதுபோக்காக விளையாட அது சுவாரசியம். படிக்கிறவர்களுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தொடக்கத்தில் மேனுவர் நோட் வைக்கவே முடியாது, அதற்குக் கட்டடங்களைப் பணம் போட்டு மேம்படுத்த வேண்டும். ராக்கெட்டுக்கு 30 பாகம், 18 டன் என்று வரம்பு. அதாவது எதுவும் தெரியாத நிலையில் இருக்கும் ஆளிடமிருந்துதான் அதிகத் தகவலை மறைக்கிறது. இது தலைகீழான ஏற்பாடு. சயின்ஸ் முறையில் பணத்தொல்லை இல்லை, கட்டடங்கள் முழுமையாக இருக்கும், பாகங்கள் மட்டும் ஒவ்வொன்றாகத் திறக்கும். புதியவர் முந்நூறு பாகங்களைப் பார்த்து மலைக்காமல் இருக்க அதுவே சரி. ஒரு குறிப்பிட்ட பாடத்துக்கு மட்டும் என்றால், எல்லாப் பாகமும் தொடக்கத்திலேயே திறந்திருக்கும் சாண்ட்பாக்ஸ்.

ஒரு மணி நேர வகுப்புக்குப் பொருத்தமானது ஃப்ளீ என்ற சின்னத் திட எரிபொருள் பூஸ்டர். கூண்டு, பாராசூட், ஃப்ளீ, மூன்றே பாகம், மொத்தம் 2.44 டன். முழு விசையில் உந்துவிசை எடையைப் போல் கிட்டத்தட்ட 6.8 மடங்கு, சுமார் 9 வினாடியில் தீர்ந்துவிடும். பூஸ்டரில் விசை வரம்புப் பட்டை ஒன்று உண்டு. அதை 20 விழுக்காடாக்கினால் விகிதம் 1.36, எரியும் நேரம் 44 வினாடி. எரிபொருள் அதே. எந்த வரம்பில் அதிக உயரம் போகும்? வேகமாக எரித்தால் காற்று பிடுங்கும், மெதுவாக எரித்தால் ஈர்ப்பு பிடுங்கும். ஒவ்வொருவரும் தன் எண்ணை எழுதிக்கொடுத்துவிட்டு, 10 விழுக்காடு இடைவெளியில் ஏவிப் பார்த்து வரைபடம் போடட்டும். 10 விழுக்காட்டில் ராக்கெட் முதலில் அசையாமல் நின்று, எரிபொருள் பெரும்பகுதி தீர்ந்து எடை குறைந்த பிறகே மெல்ல எழும், அதையும் முன்கூட்டியே யாராவது கணித்திருக்க வேண்டும்.

இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த பயிற்சி. 80 கிலோமீட்டர் வட்டப்பாதையில் ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கடிகாரம் வைத்து அளக்கச் சொல்லுங்கள். சுமார் 1,875 வினாடி வரும். கோளின் மையத்திலிருந்து தூரம் 680 கிலோமீட்டர். மன்னின் தூரம் 12,000. கெப்ளரின் மூன்றாம் விதிப்படி, தூரத்தின் விகிதம் 17.65, அதை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்தினால் 74.1. 1,875-ஐ அதனால் பெருக்கினால் சுமார் 1,39,000 வினாடி, அதாவது 38.6 மணி நேரம். இப்போது கண்காணிப்பு நிலையத்தில் மன்னின் தகவல் பலகையைத் திறந்து பாருங்கள். அங்கே எழுதியிருப்பது 1,38,984 வினாடியை ஒட்டிய அதே நேரம். யாரும் நிலவுக்குப் போகவில்லை, தங்கள் தலைக்கு மேல் சுற்றிய ஒரு தகர டப்பாவை மட்டும் அளந்தார்கள். அந்தப் பலகை திறக்கும் நொடிக்காகவே இந்த விளையாட்டை வாங்கலாம்.

கணினிப் பதிப்பைச் சொன்னதற்குக் காரணம் அதன் கோப்புகள். கேம்டேட்டா என்ற கோப்புறைக்குள் ஒவ்வொரு பாகமும் சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கிறது. டெரியரின் கோப்பைத் திறந்தால் உச்ச உந்துவிசை 60 என்றும், அழுத்தம் 0 என்றால் 345, அழுத்தம் 1 என்றால் 85 என்றும் இரண்டு வரிகள் தெரியும். எண்ணை மாற்றிச் சேமித்து விளையாட்டைத் திரும்பத் திறந்தால் எஞ்சின் மாறியிருக்கும். சேமித்த ஆட்டங்களும் அப்படியே படிக்கத்தக்க எழுத்துதான். பூட்டிய பெட்டிகளாகவே மென்பொருளைப் பார்த்துப் பழகிய தலைமுறைக்கு, திறந்து பார்க்கலாம், மாற்றலாம் என்று ஒரு விளையாட்டு அனுமதிப்பது சின்ன விஷயம் அல்ல. இதைச் சுற்றி வளர்ந்த மாட் (ரசிகர்கள் எழுதிச் சேர்க்கும் கூடுதல் நிரல்) பண்பாடும் இந்தத் திறந்த கதவிலிருந்து வந்ததுதான். டெல்டா-வி எண்ணைத் திரையில் காட்டும் வசதியே முதலில் ரசிகர்கள் எழுதிய கெர்பல் எஞ்சினியர் மாடில்தான் இருந்தது. விளையாட்டுக்குள் அது வந்தது 2018 இறுதியில்.

அந்தப் பண்பாட்டின் பரப்பும் கவனிக்கத்தக்கது. யூடியூபில் இந்த விளையாட்டை விளக்கும் ஸ்காட் மேன்லியின் வீடியோக்களால் சுற்றுப்பாதை கற்றவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். 2014இல் நாசாவோடு சேர்ந்து சிறுகோளைப் பிடித்து இழுக்கும் பகுதி வந்தது. 2020இல் ஐரோப்பிய விண்வெளி முகமையோடு சேர்ந்து ரொசெட்டா, பெபிகொலம்போ பயணங்கள் வந்தன. விண்வெளி முகமைகள் ஒரு விளையாட்டைத் தேடி வந்ததற்கு, பொதுமக்கள் அதன் வழியாக உண்மையான சொற்களைப் பேசக் கற்றிருந்தார்கள் என்பதே காரணம் என்று நினைக்கிறேன்.

குறைகளும் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு கோளின் ஈர்ப்பு மட்டுமே கலத்தின் மேல் செயல்படும். மன்னின் எல்லைக்குள் நுழைந்ததும் கெர்பினின் இழுப்பு முழுக்க நின்றுவிடும். அதனால் இரண்டு பெரிய பொருள்களின் ஈர்ப்பு சேர்ந்து உருவாக்கும் சமநிலை இடங்களான லக்ராஞ்சு புள்ளிகள் இங்கே கிடையாது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி நிற்கும் இடத்தை இந்த விளையாட்டில் காட்ட முடியாது. பிரின்சிப்பியா என்ற மாட் போட்டால் எல்லாக் கோள்களின் ஈர்ப்பும் சேர்ந்து செயல்படும், ஆனால் அது தொடக்கக்காரருக்கு அல்ல. எஞ்சின்கள் ஒருபோதும் பழுதாவதில்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் அணைத்துப் பற்றவைக்கலாம். உண்மையில் பற்றவைப்பது ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை. மாணவர் இதை அறியாமல் போனால் ராக்கெட் பொறியியல் என்பது டேங்கை அடுக்கும் வேலை என்று எண்ணிவிடுவார். மெக்ஜெப் என்ற தானியங்கி ஓட்டி மாடையும் கவனியுங்கள். நூறாவது ஏவலுக்கு அது நல்ல உதவியாள். முதல் ஏவலுக்கே போட்டால் கற்க வேண்டியதை எல்லாம் அதுவே செய்துவிடும்.

திரையில் எதுவும் தமிழில் இல்லை. திசைச் சொற்கள் ஆறையும் ஒரு அட்டையில் எழுதி ஒட்டிவிட்டால் பாதித் தடை தீர்ந்தது. புரோகிரேடு போகும் திசை, ரெட்ரோகிரேடு அதன் எதிர். இவை இரண்டும் மஞ்சள். நார்மல், ஆன்டி-நார்மல் பாதைத் தளத்துக்குச் செங்குத்து, ஊதா. ரேடியல் இரண்டும் கோளை நோக்கியும் விலகியும், வெளிர்நீலம். நிறத்தை வைத்தே பேசலாம்.

கணினி வலிமை பற்றி: ஒரு கலத்தின் இயற்பியலைக் கணக்கிடுவது பெரும்பாலும் செயலியின் ஒரே ஒரு கருவின் தலையில் விழுகிறது. விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டை இதற்கு உதவாது. பாகங்கள் இருநூறு, முந்நூறைத் தாண்டினால் மேல் மூலையில் பச்சையாக இருக்கும் பயணக் கடிகாரம் மஞ்சளாகும். விளையாட்டின் ஒரு வினாடி உண்மையான ஒரு வினாடியைவிட மெதுவாக ஓடுகிறது என்று அதற்கு அர்த்தம். நேரம் அளக்கும் பயிற்சிகளை எப்போதும் விளையாட்டின் கடிகாரத்தில் அளங்கள், கைக்கடிகாரத்தில் அல்ல. பெரிய நிலையங்கள் காரணமே இல்லாமல் நடுங்கி உடைவதும் உண்டு. ரசிகர்கள் அதற்குக் கிராக்கன் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எஃப்5 தட்டிச் சேமிப்பது, எஃப்9-ஐ அழுத்திப் பிடித்து மீட்பது, இந்த இரண்டையும் முதல் நாளே பழக்கிவிடுங்கள்.

மாட் போடுவதென்றால் முதலில் விளையாட்டின் கோப்புறை முழுவதையும் வேறு இடத்துக்கு நகல் எடுங்கள். நகலில் இருந்தே அது ஓடும். மாட்களைக் கையால் இழுத்துப் போடாமல் சிகேஏஎன் என்ற நிர்வாகி மூலம் போட்டால் எந்த மாடுக்கு எது துணை வேண்டும் என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். தூய நகல் ஒன்று எப்போதும் தனியாக இருக்கட்டும். வகுப்பில் ஒரு கணினி குழம்பினால் அதை மேலெழுதினால் போதும்.

வாங்கும்போது பெயரைக் கவனியுங்கள். இரண்டாம் பாகம் 2023 பிப்ரவரியில் முடிவடையாத நிலையிலேயே விற்பனைக்கு வந்தது, 2024இல் அதன் வேலை நின்றுபோனது. படங்கள் அழகாக இருக்கும், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். வேண்டியது முதல் பாகம். கூடுதல் பொதிகளில் மேக்கிங் ஹிஸ்டரி படிப்புக்கு அவசியம் இல்லை. பிரேக்கிங் கிரவுண்ட் சுழலும் மூட்டுகளும் மோட்டார்களும் தருகிறது, ரோபோ கை கட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு அது பயன்படும். முதல் மாதத்துக்கு இரண்டும் வேண்டாம். ஃப்ளீ, ஸ்விவல், டெரியர், மூன்று எஞ்சினும் ஒரு நோட்டுப்புத்தகமும் மின்மஸ் வரை கொண்டுபோய்விடும்.